விசையைப் பழையபடி இறுக்குதல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, உட்கார்ந்து ஒட்டுக்கேட்டது. அமெரிக்காவின் மொன்டானாவில், எங்கள் ஊர்க் கடைத்தெருவில் என் மருந்துக்கடைக்கும் டேல் ப்ரூயிட்டின் துப்பாக்கிப் பட்டறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். வியாபாரம் மந்தமான மதியங்களில் நான் அவன் காப்பியைக் குடித்துக்கொண்டு அங்கேதான் கிடப்பேன்.

2

தொடக்கம்: "பனி பொழியும் காலையில், கறுப்பு உடை அணிந்த விதவை ஒருத்தி—"

சே, பனியாவது கறுப்பாவது. ஆகஸ்ட் மாதம், வைக்கோல் கட்டும் நேரம். வெர்னா ஹால்வர்சன் தூசி படிந்த பூட்ஸோடு வந்து, துண்டில் சுற்றிய ரிவால்வரை மேஜைமேல் வைத்தார்.

"விக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன் டேல். விசை சரியில்லையாம். கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரி ஆக்கிட்டு வாங்கன்னுட்டான் கடைக்காரன்."

"பாத்துடலாம். வெள்ளிக்கிழமை வாங்க."

அது அவர் கணவர் ஆரினுடையது. ஏப்ரலில், கன்றுகளை நஷ்டத்துக்கு விற்ற வாரம், அதே துப்பாக்கியின் குண்டு பட்டு ஆரின் கொட்டகையில் இறந்து கிடந்தார். தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்று ஊர் முடிவு கட்டியது. வெர்னாவும் நம்பினார். "ஒரு வார்த்தை சொல்லாம என்னை விட்டுட்டுப் போயிட்டான் பாவி மனுஷன்," என்று என் கடையில் நின்று சொன்னார். அடக்கம் செய்த பிறகு கல்லறைப் பக்கமே போகவில்லை.

3

(இங்கே கொஞ்சம் தொழில் விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியின் குதிரையை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பின்னால் ஏற்றிவிட்டு, விரலால் இழுக்கும் விசையைத் தொடாமல், கட்டைவிரலால் முன்பக்கம் தள்ளிப் பார்ப்பது டேலின் வழக்கம். நல்ல ரிவால்வரில் குதிரை அசையாது.)

காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தள்ளினான். டக்கென்று விழுந்தது.

"விசை லேசாகணும்னு, அது கவ்விப் பிடிக்கற குதிரையோட பல்லை அரம் போட்டுத் தேச்சிருக்கு. இது கைதவறிக் கீழ விழுந்தாக்கூட வெடிச்சிருக்கும்."

"அப்ப ஆரின்?" என்றேன்.

"கூட இருந்தவன் மாதிரி என்னைக் கேக்காத. வேணும்னும் செஞ்சிருக்கலாம், தவறியும் வெடிச்சிருக்கலாம். ஆனா அப்ப விசாரிச்சவங்க யாரும் இதைத் தள்ளிப் பாக்கல."

அப்புறம்தான் மீதியைச் சொன்னான். மார்ச்சில் ஆரின் இதே ரிவால்வரோடு வந்திருக்கிறார். "நான் மேய்ச்சலுக்குப் போயிட்டா வெர்னா தனியா இருக்கா. அவ விரலுக்கு இது மசிய மாட்டேங்குது. லேசாக்கிக் குடு." ஆபத்து என்று டேல் மறுத்துவிட்டான். "சரி, நானே பாத்துக்கறேன்," என்று ஆரின் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெர்னாவின் மூட்டுவாத மாத்திரைகளைக் கொடுப்பவன் நான். டப்பா மூடியைக்கூட நான்தான் திறந்து கொடுப்பேன்.

4

முடிவு அ: டேல் வாயே திறக்காமல் புதுப் பாகங்களைப் போட்டுக் கொடுக்கிறான். வெர்னா ஆரினைக் கடைசிவரை மன்னிக்காமலே— கோடு போட்டு அடித்துவிட்டேன். எனக்கு மனசு வரவில்லை.

முடிவு ஆ: எல்லாவற்றையும் சொல்கிறான். வெர்னா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு— இதுவும் கொடுமை.

முடிவு இ: பல் பழசாகித் தானாகத் தேய்ந்தது, அதனால் வெடித்திருக்கலாம் என்று ஒரு பொய். ஆரினும் தப்பித்தார், வெர்னாவும் தப்பித்தார். இது எனக்குப் பிடித்துப்போய் டேலிடம் சொன்னேன்.

"உனக்கென்ன, கதை. கழட்டினதை நான் திருப்பிக் குடுத்தாகணுமே," என்றான்.

(புதுசு போட்டால் பழைய பாகத்தை ஓர் உறையில் போட்டுச் சொந்தக்காரர் கையில் கொடுப்பது இந்தத் தொழிலில் மரியாதை. டேல் அதில் ஒருநாளும் பிசகியதில்லை.)

5

வெள்ளிக்கிழமை வெர்னா வந்தார். விசையை இழுத்துப் பார்த்தார். இரண்டு விரல் கொடுத்தும் அசையவில்லை.

"கல்லு மாதிரி இருக்கே. என்னை மாதிரி ஆளுங்களை நினைச்சுச் செய்யல போல."

டேல் உறையை நீட்டினான். அவர் பழைய குதிரையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். கல்யாணமான நாளிலிருந்து புல்லறுக்கும் இயந்திரத்தின் பற்களைத் தீட்டிக்கொண்டிருப்பவர். அரம் பட்ட இரும்பு அவருக்குத் தெரியாதா?

"டேல், இது தானாத் தேஞ்சுதா, யாராவது தேச்சாங்களா?"

டேல் என்னைப் பார்த்தான். பொய் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. "வெர்னா, அது வந்து—" என்று நான் தொடங்கி—

இதற்குமேல் எழுத வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஆரின் அவரை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகவில்லை என்று ஆகலாம். சாவதற்குச் சில வாரம் முன்புகூட வெர்னாவின் விரல் வலியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்றும் ஆகும். அந்த நினைப்புதான் ஆரினைக் கொன்றது என்றும் ஆகும். ஒன்றைக் கொடுத்து மற்றதை ஒளிக்க வழி தேடினேன். வாக்கியம் கிடைக்கவில்லை.

வெர்னா தணிந்த குரலில் சொன்னார்: "ஆரின்தான் தேச்சான்னா சொல்லிடுங்க. எதுக்குன்னும் சேத்துச் சொல்லுங்க."

எனக்குத் தெரிந்த அத்தனையும் இப்போது உங்களுக்கும் தெரியும். அவருக்கு என்ன பதில், நீங்களே சொல்லுங்கள். யோசித்துச் சொல்லுங்கள் என்று உங்களுக்கு அவகாசம் தர என்னால் முடியாது, அவர் கேட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கிறார்.