ஆயில் கூலருக்குத் தைத்த உறை

என் கணவருக்கு இரண்டு பெண்டாட்டி. மூத்தவள் இந்த பைக். நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே அவள் இந்த வீட்டில் இருந்தாள். காலையில் எழுந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, ஆயில் குச்சியை இழுத்து, ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்துவிடுவார். "தண்ணி சுத்துற எஞ்சின் இல்லம்மா இது. காத்தும் ஆயிலும்தான் இதைக் காப்பாத்தணும்" என்று கேட்காமலே விளக்கம் வேறு. பழைய வண்டி, சூடு தாங்காது என்று முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஆயில் கூலர் மாட்டியிருந்தார். கொதிக்கிற எண்ணெய் அந்தத் தகடுகளுக்குள் போய், எதிர்க்காற்றில் ஆறித் திரும்பும்.

குளிர்காலத்தில் அதுவே தொல்லை. எண்ணெய் சூடே ஏறாமல் வண்டி இருமிக்கொண்டு போகும். மற்றவர்கள் ஒரு அட்டையை வெட்டிக் கூலரை மறைப்பார்கள். நான் சீட் கவர் தைக்கிறவள். என் வீட்டு வண்டிக்கு அட்டையா? கறுப்பு ரெக்சினில் ஓரம் மடித்து, அழுத்துகிற பட்டன்கள் வைத்து ஓர் உறை தைத்துக் கொடுத்தேன். மாட்டினால் வண்டியோடு பிறந்தது போல இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அழகாகத் தைத்ததுதான் வினையாகப் போயிற்று.

வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது, "வெயில் ஆரம்பிச்சதும் அதைக் கழட்டிடு" என்றார். சரி சரி என்றேன். அவர் எண்ணெய் பற்றி எது சொன்னாலும் நான் சரி சரிதான்.

வெயில் வந்தது. வண்டி போர்வைக்குள் கிடந்தது. விடுமுறை முடிந்து மகளை மலைமேல் இருக்கும் விடுதியில் கொண்டுபோய் விட வேண்டிய நாளில், கொழுந்தன் வந்து போர்வையை உருவினான். பெரிய பெட்டியைப் பின்னால் கட்டினான். "பாத்துப் போ தம்பி" என்றேன். "அண்ணி, உங்க பொண்ணு தூங்கிட்டே வரலாம்" என்று சிரித்தான்.

மதியம் கடையில் ஒரு வேனின் சீட்டுகளைக் கழற்றிப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். கணவர் போன் செய்தார்.

"கிளம்பிட்டாங்களா? அங்க வெயில் எப்படி?"

"மண்டையைப் பொளக்குது."

"கூலர் கவரைக் கழட்டிட்டல்ல?"

தையல் மிஷினில் இருந்த என் கால் நின்றது. என் வாயை அடைப்பதற்குத் தெருவே தவம் கிடக்கும். அன்று அது தானாக அடைத்துக்கொண்டது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்மா, மலை ஏத்தம். பின்னாடி ஆளு, பெட்டி. காத்தே படாம எண்ணெய் கொதிச்சா எஞ்சின் பிடிச்சுக்கும். பின்சக்கரம் அப்படியே நின்னுடும். அந்த நொடியில கிளட்ச் பிடிச்சுச் சக்கரத்தை விடுவிக்கணும், இல்லன்னா தூக்கி எறிஞ்சிடும்." அவர் குரல் இறங்கியது. "அவனுக்கு விரல் வைக்கிற பழக்கமே கிடையாது."

எனக்கும் தெரியும். இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்க வேண்டும் என்று தம்பியின் விரல் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தவர் இவர். தெருமுனை திரும்பியதும் விரலை எடுத்துவிடுகிறவன் அவன். மாடியில் துணி காயப் போடும்போது நானே பார்த்திருக்கிறேன், பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

கொழுந்தனுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவன் எப்படி எடுப்பான்? மகளின் போன் அணைந்திருந்தது. நான் மாறி மாறி அடிப்பதைப் பார்த்து, சீட்டுக்காகக் காத்திருந்த வேன்காரர் எதுவும் கேட்காமல் சாவியை எடுத்தார். அவர் சீட்டைத் தவிர வேனுக்குள் வேறு சீட்டே இல்லை, எல்லாம் என் மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

மலைப்பாதை தொடங்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் கூடை ஒரு பக்கம் சறுக்கியது. கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துக் கீழேதான் பார்த்தேன். பள்ளத்தில் எது பளபளத்தாலும் வண்டியோ என்றிருந்தது.

"ஒண்ணும் ஆகியிருக்காதும்மா" என்றார் வேன்காரர்.

"பேசாம ஓட்டுங்க" என்றேன். பாவம், நல்ல மனுஷர்.

ஒரு வளைவில் அதைப் பார்த்தேன். தார் ரோட்டில் ஒற்றைக் கறுப்புக் கோடு. நேராகத் தொடங்கி, நெளிந்து, பள்ளத்துப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. வேன் நிற்பதற்குள் குதித்தேன். கோட்டின் மேலேயே ஓடினேன். ஓரக்கல்லுக்கு ஒரு முழம் முன்னால் கோடு முடிந்திருந்தது.

வளைவுக்கு அப்பால், பாறை நிழலில் வண்டி நின்றது. பெட்டியின் மேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள். முழுசாக. முழங்காலில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அவளைப் பிடித்து உலுக்கினேன், அடித்தேன், கட்டிக்கொண்டேன். எதை முதலில் செய்தேன் என்று இன்றும் தெரியாது.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் எழுந்திருக்கவே இல்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. நான் ரொம்ப முறுக்கிட்டேன்போல. அண்ணன் வண்டியைக் கெடுத்துட்டேன்."

"சித்தப்பா மெதுவாத்தாம்மா ஓட்டினாங்க" என்றாள் மகள். "அப்பலேருந்து தன்னையே திட்டிக்கிட்டு இருக்காங்க."

நான் வண்டியைப் பார்த்தேன். பட்டன் ஒன்றுகூட விடவில்லை, உறை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. வண்டியை நகர்த்துகிற சாக்கில் உருவி இடுப்பில் செருகிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கணவரிடமும், எப்போதோ கழற்றியதை மறந்துபோய்ப் பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தோன்றியது. மகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே தோன்றியது. பள்ளத்தைப் பார்த்தபோது வந்த பயத்தைவிட அந்த நினைப்பு என்னைப் பயமுறுத்தியது.

பட்டன்களைப் பிய்த்தேன். தகடு விரலைச் சுட்டது. உறையை அவன் மடியில் போட்டேன்.

"நீ ஒண்ணும் கெடுக்கல தம்பி. இதைக் கழட்டாம உங்களை அனுப்பினது நான்."

அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போன் அடித்தது. கணவர். எடுத்தேன்.

"பாப்பா நல்லா இருக்கா. தம்பியும் நல்லா இருக்கான். எஞ்சின்தான் பிடிச்சுக்கிச்சு. கவரைக் கழட்டல, தப்பு என்னோடது."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அவர் அழுது நான் கேட்டதில்லை. அது அழுகைதான். பிறகு கேட்டார், "கிளட்ச் பிடிச்சானா?"

கொழுந்தனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "பாப்பா பின்னாடி உக்காந்திருந்தாளே அண்ணி" என்று முணுமுணுத்தான். "அதான் கிளம்பினதுலேருந்து விரலை எடுக்கவே இல்ல."

அவன் இடது கை முழங்காலின் மேல் கிடந்தது. இரண்டு விரல்கள் மட்டும் உள்பக்கம் மடங்கி இறுகியிருந்தன.

"பிடிச்சான்" என்றேன் போனில். "இன்னும் விடலைங்க."