இன்கா மலைக்கு ஒரு நிர்வாகசபை

தமிழன் ஏறாத மலை இந்த உலகில் இல்லை. கூட்டத்தைத் தொடக்கிவைத்து இந்த வாக்கியத்தை எழுந்து நின்று சொன்ன குகதாசன், அடுத்த வாக்கியத்தைக் கதிரையில் உட்கார்ந்துதான் சொன்னார். தன் வீட்டு மேல்மாடிக்குப் போய் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

பெரு நாட்டில் இன்கா மக்கள் மலைமேல் கட்டிய பழைய நகரமொன்றின் இடிபாடுகளுக்கு, வழிகாட்டியோடு ஏழு நாள் நடைப்பயணம் போவதென்று முடிவாகியிருந்தது. போகிறவர்கள் நாலு பேர். லண்டன் ஹரோவில் நாலு தமிழர் சேர்ந்து எதைச் செய்வதென்றாலும் அதற்கு முதலில் நிர்வாகசபை வேண்டும். எனவே குகதாசன் தலைவர். யேசுரட்ணம் செயலாளர். ஆஸ்பத்திரித் தாதியான பெர்னடெற் சுகாதாரப் பொறுப்பாளர். லண்டனின் மறுகோடியான செவன் கிங்ஸிலிருந்து ரயில் மாறி மாறி வரும் றஜீவ், மற்றவர்களைவிட இளையவர் என்ற ஒரே காரணத்துக்காக, ஊடகப் பொறுப்பாளர். வெறும் உறுப்பினர் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

இது மூன்றாவது கூட்டம். முதலிரண்டு கூட்டங்களும் உச்சியில் பிடிக்கப்போகும் பதாகைக்குச் செலவாகின. எத்தனை அடி நீளம், யாருடைய பெயர் மேலே, படத்தில் நடுவில் நிற்பது யார் என்பதெல்லாம் தீர்ந்துவிட்டது. மலையேறப் போடும் சப்பாத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

குகதாசனின் மனைவி சிவமலருக்குப் பதவி இல்லை. அவர் கூட்டத்துக்கு ரோல்ஸ் பொரித்தார். அந்தத் திகதிக்கு நாலு அனுமதிச்சீட்டுகள்தான் மிச்சம் என்று தெரிந்ததும், "ஒரு வீட்டில இருந்து ஒராள் போதும்" என்று தலைவர் தீர்மானித்திருந்தார். அந்த ஒராள் யார் என்று அவர் வீட்டில் கேட்கவில்லை.

இத்தனைக்கும் இன்காக்களைப் பற்றிய தடித்த புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து, இரண்டு தரம் புதுப்பித்து, கடைசிப் பக்கம்வரை வாசித்தவர் சிவமலர்தான். பல் செய்யும் ஆய்வுகூடம் ஒன்றில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. ஒரு கடைவாய்ப் பல்லுக்கு மூடி செய்தால், அது பக்கத்துப் பல்லோடு மயிரிழையும் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். நகத்தளவு மூடிக்கே அவர் நாலைந்து தரம் வைத்து, எடுத்து, தேய்த்துப் பார்ப்பார். பல தொன் எடையுள்ள கல்லை இந்த மனிதர்கள் எப்படி வைத்து, எடுத்து, தேய்த்தார்கள்? சாந்து இல்லை. இரும்புக் கருவி இல்லை. இடையில் கத்தி நுழையாது என்கிறார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர் ஒரு தரம் சொன்னார். அது கூட்ட அறிக்கையில் பதியப்படவில்லை.

நாலு மணிக்கு வழிகாட்டி நெலிடா காணொளியில் வந்தார். அங்கே அப்போது காலை. தலைவர் எழுந்து நின்று ஆங்கிலத்தில் வரவேற்புரையை ஆரம்பித்தார்.

"அங்கிள், இருந்து கதையுங்கோ," என்றார் றஜீவ். "அவவுக்கு உங்கட பெல்ற் மட்டும்தான் தெரியுது."

குகதாசன் கதிரையில் இருந்தார். "இன்காக்களும் தமிழர்களும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு கருத்து உண்டு," என்றார்.

"அப்படியா? யாருடைய கருத்து?" என்று நெலிடா உண்மையான ஆவலோடு கேட்டார்.

குகதாசன் கொஞ்சம் யோசித்தார். "என்னுடையது."

"ஏழு நாளும் சோறு கிடைக்குமோ எண்டு கேளும் தம்பி," என்று யேசுரட்ணம் றஜீவின் காதுக்குள் சொன்னார். கிடைக்கும், உருளைக்கிழங்கும் பல வகையில் கிடைக்கும் என்று பதில் வந்தது. செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார். பெர்னடெற் கழிப்பறை பற்றிக் கேட்டார். அதற்கு வந்த பதிலை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

அப்போது குசினிக் கதவடியிலிருந்து சிவமலர் கேட்டார்: "ஒரு கல்லின் அடிப்பக்கம் கீழ்க் கல்லோடு பொருந்துகிறதா என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

நெலிடா கமராவுக்குக் கிட்ட வந்தார். "எங்கள் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை பிடிக்கும் விஷயம் இது. மேல்கல்லை வைத்து எடுத்து, தூசு நசிந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துக் கொத்தினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். ஏன் கேட்கிறீர்கள்?"

"நான் பல் செய்கிறேன். நாங்கள் நீலத் தாளை இடையில் வைத்து அச்சுப் பற்களைக் கடிக்க வைப்போம். நிறம் பட்ட இடத்தைத் தேய்ப்போம்."

"நீலத் தாளா?" நெலிடா எழுதிக்கொண்டார். "பதினொரு வருடமாக வழிகாட்டுகிறேன். இதை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நீங்கள் வருகிறீர்கள்தானே?"

"அவர் உணவுப் பொறுப்பு," என்றார் தலைவர். சிவமலருக்கு அந்தப் பதவி கிடைத்தது அந்த நிமிடத்தில்தான்.

முதலே அனுப்பியிருந்த நாலு பாஸ்போட் பிரதிகளையும் நெலிடா புரட்டினார். அனுமதிச்சீட்டில் பாஸ்போட்டில் உள்ள விபரம்தான் ஏறும் என்றும், நாலு பெயரையும் இன்றைக்கே அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் பிறகு மாற்ற ஏலாது என்றும் விளக்கினார். "ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. எங்கள் காப்புறுதி அறுபத்தைந்து வயது வரைதான். திரு. குகதாசனின் பாஸ்போட்படி அவருக்கு அறுபத்தொன்பது."

"அறுபத்தொன்பதோ?" என்றார் பெர்னடெற். "போன வருசம்தானே குகன் அண்ணைக்கு அறுபதாவது செய்தனாங்கள்? கேக்குக்கு இலக்க மெழுகுதிரி வாங்கினதே நான்."

குகதாசன் சிரித்தார். "அதோ? அது ஏஜென்சிக்காரன் போட்ட திகதி. எண்பத்தஞ்சில அவங்கள் தந்த பாஸ்போட்டில என்ன கிடந்துதோ, அதோடதானே எல்லாரும் வந்தனாங்கள்."

அறை முழுவதும் இளகியது. போர்க்காலத்தில் ஏஜென்சிக்காரர் செய்து கொடுத்த பொய்ப் பாஸ்போட்டில் நாட்டைவிட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. "எனக்கும் என்ர தம்பிக்கும் பாஸ்போட்டில நாலு மாசம்தான் வித்தியாசம்," என்றார் யேசுரட்ணம். "அம்மாவை நினைச்சால்தான் பாவமாக் கிடக்கு."

றஜீவ் அதை நெலிடாவுக்கு விளங்கப்படுத்தினார். நெலிடா தலையாட்டினார். "அப்படியென்றால், இவர் எப்படி வந்தார் என்று தெரிந்த ஒருவர் ஒரு கடிதம் தரட்டும். காப்புறுதிக்காரரிடம் கேட்டுப் பார்க்கிறேன். கடிதம் இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு பெயர் தாருங்கள்." பிறகு, அந்தப் பல் செய்யும் அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டார்.

"மலர் எழுதித் தருவா," என்றார் குகதாசன். "முப்பத்தஞ்சு வருசமா என்னோட இருக்கிறவ. அவவை விட ஆருக்குத் தெரியும்?"

செயலாளர் உடனே தாளை எடுத்தார். யேசுரட்ணத்துக்குக் கடிதம் எழுதுவதென்றால் பசி தெரியாது. "இத்தால் நான் உறுதிப்படுத்துவது யாதெனில், எனது கணவர் 1985ஆம் ஆண்டு, ஏஜென்சி மூலம்..." என்று வாசித்துக்கொண்டே எழுதினார். சிவமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசையடியில் நின்றார். பேனையை வாங்கினார். கையெழுத்து வைத்தால் போவது அவர் கணவர். வைக்காவிட்டால் அவர்.

"ஏஜென்சிக்காரன்ர பேர் என்னண்ணை?" என்று யேசுரட்ணம் கேட்டார். "பேரையும் போட்டால் கடிதம் கனமா இருக்கும்."

"பேர் என்னத்துக்கு?"

"சொல்லுங்கோவன்," என்றார் சிவமலர். "எனக்கும் அறிய ஆசையாக் கிடக்கு."

"அந்த ஆள் இப்ப உயிரோட இல்லை."

"உயிரோட இருக்கேக்க ஒரு பேர் இருந்திருக்கும்தானே?"

குகதாசன் ஒரு ரோல்ஸை எடுத்தார். கடிக்கவில்லை. "மலர், அது ஒரு சின்னக் கையெழுத்துத்தானே. உமக்கென்ன குறைஞ்சு போகுது?"

"ஏழு நாள்," என்றார் சிவமலர்.

யேசுரட்ணம் தலைவரைப் பார்த்தார், பிறகு தலைவரின் மனைவியைப் பார்த்தார், பிறகு தான் எழுதிய அழகான முதல் வரியைப் பார்த்தார். "அப்ப நான் என்னெண்டு எழுத?"

சிவமலர் பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு மேலே போனார். இறங்கி வரும்போது அவர் கையில் பாஸ்போட் இருந்தது. மூச்சு வாங்கவில்லை. "றஜீவ், இதை ஒருக்கா அவவுக்குப் படம் எடுத்து அனுப்பும்."

"அனுப்பட்டோ அங்கிள்?" என்று றஜீவ் கேட்டார்.

குகதாசன் ரோல்ஸைக் கடித்தார். றஜீவ் அனுப்பினார்.

குகதாசன் ஏஜென்சியில் வந்தவர் அல்ல. 1979ஆம் ஆண்டு, மாணவர் விசாவில், சொந்தப் பாஸ்போட்டில், கணக்கியல் படிக்க விமானத்தில் வந்தவர். பாஸ்போட்டில் இருந்த பிறந்த திகதி சரி.