குப்பன்பேட்டைக் கல்

இப்போதெல்லாம் ஆட்களுக்குத் தங்கள் பாட்டன் பேர்கூடச் செல்போனைத் தட்டினால்தான் ஞாபகம் வருகிறது என்று சின்னக்கருப்பனுக்கு எரிச்சல். மாரியம்மன் பொங்கலன்று காலையில் கோயில் வாசலில் நின்று அதைச் சத்தமாகவே சொன்னார். யாரும் ஏனென்று கேட்கவில்லை. எல்லோரும் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மம்சாபுரம் ரோட்டில், முன்பு பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கி இருந்த இடத்தில், சாக்கடைக்கு வாறுகால் தோண்டும்போது போன வாரம் அகப்பட்ட கல். அன்றைக்குத்தான் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கமிட்டித் தலைவர் நவநீதகிருஷ்ணன் குனிந்து இங்கிலீஷ் எழுத்தைப் படித்தார். கூப்பர். அந்தத் துரைதான் கிட்டங்கி கட்டி, மூட்டை தூக்க ஆட்களைக் குடிவைத்து ஊரை உண்டாக்கினவராம். கூப்பர்பேட்டைதான் ஜனங்கள் வாயில் அரைபட்டுக் குப்பன்பேட்டை ஆனதாம்.

சின்னக்கருப்பன் மூன்றாங்கிளாஸைத் தாண்டாதவர். அவருக்குத் தெரிந்த கதை வேறு. ஒரு தாய்க்கு முதல் இரண்டு பிள்ளையும் தங்காமல் போக, இதாவது பிழைக்கட்டும் என்று மூன்றாவதைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்துக் குப்பன் என்று பேர் வைத்தார்கள். அந்தக் குப்பன் வளர்ந்து, முள்ளுக்காட்டை வெட்டி முதல் குடிசை போட்டார். அவர் வழியில் வந்தவர் என்றுதான் வருஷாவருஷம் முதல் பரிவட்டம் சின்னக்கருப்பன் தலையில் ஏறுகிறது, முதல் தீச்சட்டியும் அவர்தான் எடுக்கிறார். மற்ற நாளில் டீக்கடை பெஞ்சில்கூட அவருக்கு ஒருத்தன் நகர்ந்து இடம் விடுவதில்லை.

"ஏலே கிட்ணா, இத எழுதுனது யாரு?"

"வெள்ளக்காரந்தான் மாமா."

"தூத்துக்குடியவே டூட்டிகோரின்னு கடிச்சுத் துப்புனவன். அவன் வாயில குப்பன் நொழையுமா? கூப்பர்னு வெட்டிப்புட்டான்."

பூக்கட்டிக்கொண்டிருந்த பாண்டிசெல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப ஒங்க முப்பாட்டனுக்குத் துரை கல்லு நட்டாராக்கும்!"

"ஏட்டி, நீ பூவப் பாரு. முன்னாலயே ஆளு குடியிருக்காம, எவன நம்பிக் கிட்டங்கி கட்டுனான்? முனியையா?"

நவநீதகிருஷ்ணன் சமாதானமாகத்தான் பேசினார். "சரி மாமா, இந்த வருசம் மொதல் பரிவட்டம் கல்லுக்கு. அடுத்து ஒங்களுக்கு."

"எனக்கு முன்னால கல்லா?"

"ஊர உண்டாக்குனவுகளுக்குத்தான் மொத மரியாதைன்னு நீங்கதான மாமா வருசாவருசம் சொல்லுவீய?"

பூசாரி சந்தனம், பட்டுத்துணியோடு யார் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார். நவநீதகிருஷ்ணன் கண்ணைக் காட்டவும் கல்லின் பக்கம் போனார்.

"அப்ப தீச்சட்டியையும் அந்தக் கல்லயே எடுக்கச் சொல்லு!"

தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார். "தாத்தா, செத்த நேரம் இருங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். நிற்கவில்லை. "குப்பன்தாம்லே" என்றார், ரோட்டைப் பார்த்து. திருப்பத்தில் மட்டும் ஒரு தடவை திரும்பினார். கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. கல்லுக்கு ஏது தலை, ஏது கழுத்து? கட்டக் கட்டச் சந்தனத்தில் பட்டு வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கியது. மூன்று பேர் சுற்றி நின்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.