எதிர் அறையில் வெளிச்சம்

இரண்டு விமானம் மாறி, வரிசை வரிசையாகக் கால் கடுக்க நின்று, பொழுது சாய்ந்து ஹோட்டல் அறைக்குள் நுழைந்தபோது எலக்ட்ரீஷியனுக்குத் தலை கிறுகிறுத்தது. இருந்த சுவிட்சையெல்லாம் தட்டினார். ஒரு விளக்கும் எரியவில்லை.

“கரண்ட் இல்ல.”

“வெளிநாட்டுலயுமா?” பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள் மனைவி.

பழக்கதோஷத்தில், எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று வெளியே போய்ப் பார்த்தார். எதிர் அறைக் கதவிடுக்கில் வெளிச்சம்.

“நமக்கு மட்டுந்தான் போயிருக்கு. ஃபியூஸ்தான்!” என்று வராந்தா முழுக்க ஃபியூஸ் பெட்டியைத் தேடினார்.

அறை துடைக்கும் பெண் ஒருத்தி வந்து, சாவிக்குப் பதிலாக அவரிடம் கொடுத்திருந்த அட்டையை வாங்கி, உள்ளே சுவரில் அதற்கென்றே இருந்த துளையில் சொருகினாள். அறை பளிச்சென்றது.

“ஊருக்கெல்லாம் லைட் போடுறவரு!” என்று சிரித்துக்கொண்டே மனைவி குளிக்கப் போனாள்.

அவருக்குத்தான் ஒரு மண்ணும் விளங்கவில்லை. சாவியைப் போய் யாராவது சுவரில் விட்டுவைப்பார்களா? அட்டையை உருவிப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சற்று நேரத்தில் எல்லாம் அணைந்தது. குளியலறையில் ஒரே அலறல்.

“பயப்படாத, இரு,” என்று இருட்டில் கதவைத் தடவினார் எலக்ட்ரீஷியன். “எதிர்ல இருக்கான்னு பாத்துட்டு வரேன்.”