யாருக்கு இந்தப் புடவை

சஹானாவுக்கு நான் அம்மாவாகி ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன.

அவளுக்கு நாலு வயது. கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்குள் நான் முதலில் நுழைந்தபோது மாமியார் எல்லம்மாள் அவளை முன்னால் தள்ளி, "ஆஸ்பத்திரிலர்ந்து அம்மா வந்துட்டா பாரு" என்றார். குழந்தை என் முகத்தையே பார்த்தாள்.

"மருந்து சாப்ட்டு மூஞ்சி மாறிப்போச்சு" என்றார் மாமியார்.

பெண் பார்க்க வந்தபோதே பேசி முடித்த விஷயம்தான். பெற்றவள் இல்லை என்று தெரிந்தால் குழந்தை ஏங்கிப் போகும், வளர்ந்தபின் தானே தெரிந்துகொள்ளட்டும் என்றார்கள். படாளத்தில், பிறந்த வீட்டில், எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். பி.எஸ்சி. வேதியியல் படித்தவள் நான். அன்று வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்தன்று மாமியார் இன்னொன்றும் சொன்னார்: "உன் வாயிலர்ந்து அது வந்துச்சினா, அடுத்த பஸ்ஸுல உங்கப்பன் வூட்டுக்குப் போவ."

சஹானா என்னிடம் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. என்னைச் சோதித்தாள்.

"மின்ன நம்ம தொட்டில மீனு இருந்துச்சே, இன்னா கலரு?"

"மறந்துட்டேன்" என்றேன். எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்த பதில் அது.

அடுத்து, அவளுக்கே தெரிந்ததைக் கேட்டாள். வாளியைக் காட்டி, அது என்ன நிறம் என்று. "மஞ்சள்" என்றேன். உடனே அவள் அப்பாவிடம், என் கணவர் தாமோதரனிடம், ஓடி அதையே கேட்டாள். பிறகு மாமியாரிடம் போனாள். மூன்று பேரும் ஒன்றையே சொன்ன பிறகுதான் விட்டாள்.

"இன்னாமா இது, போலீசு வெசாரணையா?" என்று தாமோதரன் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள்தான் இஸ்திரிப் பெட்டி சுடும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், விரலை வைத்தாள். கொப்புளம் எழுந்தபோதும் அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை. நான் சொன்னதைச் சரிபார்த்துவிட்டாள், அவ்வளவுதான்.

பின்கதவைத் திறந்தால் கடல் இரையும். தண்ணீர் ஆழம் என்று இவளிடம் ஒருநாள் நான் சொல்லவேண்டி வரும்.

ஒன்பதாம் நாள் பூவாடைக்காரிக்குப் படையல். சுமங்கலியாகப் போனவளுக்குப் புடவை வைத்துக் கும்பிட்ட பிறகுதான் எங்கள் பக்கத்தில் கல்யாணம் நடக்கும். குழந்தை பார்த்துவிடுவாள் என்று அதைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். கல்யாணம் முடிந்ததிலிருந்து மாமியாருக்குத் தூக்கமில்லை. மூத்த தாரம் கோபித்துக்கொள்வாள் என்று பயம். மதியம் குழந்தை தூங்கும் நேரத்தில் முடித்துவிடலாம் என்று ஏற்பாடு.

அவள் தூங்கவில்லை. பலகையில் இருந்த அரக்குப் புடவையையும் மல்லிகைப் பூவையும் பார்த்தபடி கதவோரம் நின்றாள்.

"இது யாருக்கு?"

"இன்னும் முழிச்சிகினு கீது பாரு" என்றார் மாமியார். "சாமிக்குடி."

கற்பூரம் வாங்கிக்கொண்டு வந்த அப்பாவிடம் கேட்டாள்.

"ஆயாவுக்கும்மா" என்றார் அவர், தன் அம்மாவைக் காட்டி.

பிறகு சமையலறைக்கு வந்தாள். படையலுக்கென்று தனி ஸ்டவ்வைத் தரையில் வைத்து வடை போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தது.

"அது சுடுமா?"

"சுடும். கிட்ட வராத."

கொப்புளம் ஆறாத கையை நீட்டினாள். எட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்தாள். அந்தச் சின்னக் கையில் அவ்வளவு பலம்.

"நீ சும்மா சொல்ற. ஆயா சும்மா சொல்றா. அப்பாவும் சும்மா சொல்றாரு. பொடவ யாருக்கு?"

கூடத்தில் மணியைத் துலக்கும் சத்தம் நின்றது.

"துர்கா" என்று மாமியார் கூப்பிட்டார். "கொழந்தய இட்டுகினு வா இங்க."

தூக்கிக்கொண்டு போய்விடலாம். சாமிக்கு என்று நானும் சொல்லிவிடலாம். நாளைக்கும் நான் சுடும் என்பேன். நாளைக்கும் அவள் தொட்டுப் பார்ப்பாள். அப்போது நான் பக்கத்தில் இருப்பேனா என்பது தெரியாது.

என் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. தங்கைகளின் முகங்களும்.

ஒரு கையால் ஸ்டவ்வை அணைத்தேன். இன்னொரு கையில் அவள் கை இருந்தது.

"உங்க அம்மாவுக்கு" என்றேன்.

"நீதான அம்மா?"

மாமியார் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். அவரைப் பார்க்காமல் குழந்தையையே பார்த்தேன்.

"இல்ல. நான் துர்காதேவி. உங்க அம்மா செத்துப்போயிட்டாங்க, சஹானா."