மகன் உயரத்து மெழுகுத்திரி

முழங்கால் இரண்டிலும் கங்குகளை வைத்துக் கட்டியதுபோல் வலி எரிய, விடியலிலிருந்து மண்டியிட்டு விடுதியின் தரைகளைத் தேய்த்து முடித்த மரூசோ, தன் மகன் லியோனிசின் உயரத்துக்கு அளந்து வார்ப்பித்த மெழுகுத்திரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குன்றின் மேலிருந்த கோயிலை நோக்கிச் சுண்ணாம்புப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள். கதிரவன் கடல் விளிம்பில் செம்புத்தட்டெனச் சாய, தீவின் வெண்சுவர்கள் எல்லாம் பொன்னீர் பூசிக்கொண்டு ஒளிர, அதைக் காணவே கடல் கடந்து வந்த அயல்நாட்டார் சுவர்தோறும் வாய்பிளந்து நின்றனர். மரூசோவுக்கோ அந்தி என்பது முதுகில் ஏறும் கற்சூடும் கண்ணில் இறங்கும் வியர்வையுமே.

சென்ற மாரியில் கணவாய் மீன் பிடிக்கப் போன படகு கவிழ்ந்து, லியோனிசு கடலில் கிடந்தபோது, கடலோடிகளைக் காக்கும் புனித சோசோனிடம் அவள் நேர்ந்துகொண்டாள்: "என் பிள்ளையக் கரை சேத்துடு சாமி. அவன் உயரத்துக்குத் திரி கொண்டாந்து என் கையாலயே ஏத்துறேன்." மகன் கரை சேர்ந்தான். நேர்ந்த திரியைப் புனிதரின் திருநாளுக்கு முந்திய மாலை வழிபாட்டில் நேர்ந்தவர் கையே ஏற்றவேண்டும். ஏற்றிய சுடர் அடிவரை எரிந்து தானே அடங்கவேண்டும். இடையில் வாயால் ஊதி அணைத்தால் அந்தத் திரி புனிதருக்கு ஆகாது என்பது அத்தீவின் மரபு.

கோயில் முற்றத்தின் குறுக்கே வெண்கயிறு கட்டியிருந்தது. அதனருகே, விடுதியின் சட்டையை அணிந்து காவல் நின்றவன் லியோனிசு.

"இப்ப உள்ள வராதம்மா. வெளிநாட்டுக் கல்யாணம் நடக்குது."

"சாமிக்கு வழிபாடு நடக்கிற நேரம்டா இது!"

"மத்தியானமே குரு முடிச்சிட்டுப் போயிட்டாரு. சூரியன் விழுற நேரம் இவங்களுக்கு வேணுமாம். முதலாளி பேசி வச்சிட்டாரு."

"மத்தியானம் நான் உன் முதலாளியோட கக்கூசைக் கழுவிக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்ல வாயில்லியா உனக்கு?"

"சொன்னா போட்டது போட்டபடி ஓடி வந்திருப்ப. ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும்."

"உன்னக் கடல்லேருந்து தூக்குனது உன் முதலாளியாடா?"

"கத்தாதம்மா. பாக்குறாங்க."

பார்த்தவள் மணமகள். கருப்பு உடுத்த மூதாட்டியையும் நெடிய திரியையும் கண்டு மகிழ்ந்து, கைகொட்டி, அதைத் தரும்படி விரல் அசைத்தாள். "ஒரே ஒரு படந்தாம்மா, உடனே குடுத்துருவாங்க" என்று சொல்லிக்கொண்டே, தாயின் தோளிலிருந்து திரியை உருவிக் கயிற்றுக்கு அப்பால் நீட்டியவன் லியோனிசே. யாரோ ஒருவன் அதைப் பற்றவைத்தான். மணமகள் அதை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி சிரித்தாள். படம் எடுத்து முடிந்ததும், கன்னம் உப்ப ஊதி அணைத்தாள். கூடியிருந்தோர் ஆர்ப்பரித்தனர்.

திரும்பி வந்த திரியை மரூசோ தோளில் ஏற்றவில்லை. மகனுக்குப் பக்கத்தில் நட்டமாக நிறுத்தினாள். உச்சந்தலையும் கரிந்த முனையும் ஒரே மட்டமாய் நின்றன. அளவு பிழைக்கவில்லை.

"மறுபடி ஏத்திக்கலாம்லம்மா" என்றான் அவன், அவள் முகத்தைப் பாராமல்.

"நீயே வச்சுக்க. ஊதின திரி அவருக்கு ஆகாது, உனக்கு ஆகும்."

வலிக்கும் கால்களைப் படி படியாய் இறக்கி அவள் போனாள். கதிரவன் வீழ்ந்தான், காண வந்தோர் கைதட்டினர். புனித சோசோனுக்கு மரூசோ தரவேண்டியது, மகன் உயரத்துத் திரி ஒன்று, அவள் கையால் ஏற்றி அடிவரை எரியவேண்டியது. அது இன்னும் கொடுபடவில்லை.