கிருஷாந்தியின் காம்பரா

தேயிலை பாக்டரிப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்று படபடவென்று ஏறி வரும் சத்தம் கேட்டதும், நாகலெட்சுமி தேத்தண்ணிக் கோப்பையைத் தரையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி சிந்திவிட்டது.

"கண்டாக்கையா! நாளைக்கித்தானே வாறேன்னாரு, பாவி மனுசன்!"

ஜீவராணி எழுந்து எட்டிப் பார்ப்பதற்குள் நாகலெட்சுமி பாய்ந்து வந்து அவள் தோளில் தொங்கிய கைப்பையைப் பிடுங்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் எறிந்தாள்.

"புள்ள, நல்லாக் கேட்டுக்க. நீ என் மருமக. பேரு கிருஷாந்தி. குவைத்துல இருந்து போன வாரம் வந்த. மிச்சத்த நான் பேசிக்கிறேன்."

"என்ன பெரியம்மா சொல்றீங்க? நான் வீடு பாக்க வந்தவ!"

"வாடகைக்கு ஆள் வச்சா தோட்டத்துல விடமாட்டாங்க. மருமகன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. ஒனக்கு வீடு வேணுமா, வேணாமா?"

வேணும். இன்று பொழுது சாய்வதற்குள் வேணும்.

வத்தளையில் அவர்கள் குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரன் விற்றுவிட்டான். வாங்கியவன் மாடிவீடு கட்டப் போகிறான். கொழும்புப் பக்கம் வேறு வீடு கேட்டால், சொல்லும் வாடகைக்குச் சம்பளம் முழுவதையும் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் சுமனுக்கு ஹட்டனில் ஒரு ஹார்டுவெயார் கடையில் டிரைவர் வேலை கிடைத்தது. ஹட்டன் டவுனில் ஒரு தையல் கடைக்காரி ஜீவராணியையும் திங்கட்கிழமை மிஷினோடு வரச் சொல்லிவிட்டாள். சின்ன ஊர், வாடகை குறைவாகத்தான் இருக்கும் என்று நம்பி இருவரும் துணிந்துவிட்டார்கள்.

வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. டிக்கோயா ரோட்டில் ஒரு வீட்டுக்காரர் ஒரு வருஷ வாடகையை மொத்தமாக முன்பணம் கேட்டார். இன்னொருவர் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். தோட்டத்தில் பிறந்தவள் என்று தெரிந்ததும் சாவியைத் தேடுகிற மாதிரி உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை. வாசலில் நின்று நின்று கால் கடுத்து, அடுத்த ஊரிலாவது பார்ப்போம் என்று கிளம்பியவளிடம்தான், நோர்வூட்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகலெட்சுமி பேச்சுக் கொடுத்தாள். தலவாக்கலையில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாளாம். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் தன் காம்பரா சும்மா கிடக்கிறதாம். ஒரு காம்பரா, குசினி, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்ன வராந்தா. வாடகை என்று அவள் சொன்ன தொகையைக் கேட்டு ஜீவராணி இரண்டாவது தரமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

இவ்வளவு மலிவா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்க நேரம் இல்லை. சாமான் ஏற்றிய லொறியோடு சுமனும் மகள் லோஜினியும் காலையிலேயே வத்தளையிலிருந்து புறப்பட்டுவிட்டார்கள்.

மோட்டார் சைக்கிள் இஸ்தோப்புக்கு முன்னால் வந்து நின்றது. மழைக்கோட்டோடு இறங்கினார் சிவசாமி கண்டாக்கு. இந்த டிவிசனில் ஆட்களை வேலைக்குப் பிரித்து விடுவதிலிருந்து, லயத்தில் யார் குடியிருப்பது என்று பார்ப்பது வரை அவர் பொறுப்பு.

"என்ன நாகலெட்சுமி, மருமக வந்துட்டாளாம்?"

"வந்துட்டா ஐயா. இந்தா நிக்கிறா. ஏ புள்ள, ஐயாவுக்குக் கும்புடு போடு!"

ஜீவராணி கும்பிட்டாள். சிவசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"குவைத்துல எந்தப் பக்கம் இருந்த?"

கட்டுநாயக்க விமான நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி, ஜீவராணிக்கு வெளிநாடு.

"வீட்ட விட்டு வெளியில விட்டிருந்தாத்தானே ஐயா ஊரு பேரு தெரியும்?" என்று குறுக்கே விழுந்தாள் நாகலெட்சுமி.

"ஒன்னையக் கேக்கல. கையக் காட்டு புள்ள."

நீட்டினாள். விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள்.

"கொழுந்து எடுத்த கை மாதிரித் தெரியலயே?"

"அங்க தையல் வேலைங்க ஐயா." இந்தப் பொய் மட்டும் அவள் வாயிலிருந்து சுலபமாக வந்தது. பாதி உண்மை என்பதாலோ என்னவோ.

"ம். பழகுனா வந்துரும். நாளைக்கு விடிய, பேரு கூப்புடுற பெரட்டுக்கு வந்துரு. எட்டாம் நம்பர் மலையில கொழுந்து."

"பெரட்டுக்கா? நானா?"

சிவசாமியின் புருவம் உயர்ந்தது. "ஏன், மாமியா சொல்லலயா? மாமியா வேலய விட்டு நின்னாச்சு. மகன் ஜெயகாந்தன் கொழும்புல ஓட்டல்ல. இந்தக் காம்பராவுக்கு செக்ரோல் புத்தகத்துல மிச்சம் இருக்கிற ஒரே பேரு ஒன் பேருதான். வீட்டுல ஒரு ஆளாவது வேலைக்கி எறங்கணும். இல்லாட்டித் தோட்டம் காம்பராவத் திருப்பி எடுத்துக்கும். ஒன் மாமியாதானே போன மாசமெல்லாம் என் ஆபீசு வாசல்ல நின்னு அழுதா, மருமக வந்துருவா, வந்துருவான்னு?"

ஜீவராணி நாகலெட்சுமியைப் பார்த்தாள். நாகலெட்சுமி அடுப்பைப் பார்த்தாள்.

வாடகை ஏன் அவ்வளவு மலிவு என்பது இப்போது விளங்கியது. நாகலெட்சுமி குடியிருக்க ஆள் தேடவில்லை. கூடை சுமக்க ஒரு முதுகைத் தேடியிருக்கிறாள்.

ஜீவராணி பிறந்தது பொகவந்தலாவையில் ஒரு லயத்தில். மழையில் ஊறி, அட்டைக் கடியோடு வந்து அடுப்படியில் சுருண்டு படுக்கும் அம்மாவைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். தையல் படித்ததே இதற்குப் பயந்துதான். வத்தளையில் சாமானைக் கட்டும்போதுகூடச் சுமனிடம் சொல்லியிருந்தாள்: "ஊருக்குத் திரும்புறதுன்னா திரும்பலாம். கொழுந்துக்கு மட்டும் நான் போகமாட்டேங்க."

இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அப்போது அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து போன் அலறியது.

"போன் அடிக்குது," என்றார் சிவசாமி.

"பக்கத்துக் காம்பராவுலங்க ஐயா," என்றாள் நாகலெட்சுமி.

"பக்கத்துக் காம்பரா ஒன் அரிசி மூட்டைக்குள்ளயா இருக்கு?"

ஜீவராணி ஓடிப்போய்ப் பையிலிருந்து போனை எடுத்து நிறுத்தினாள். உடனே மறுபடி அடித்தது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி அடித்தது.

"எடுத்துப் பேசு புள்ள. நான் என்ன ஒட்டுக் கேக்கவா வந்தேன்?"

ஒட்டுக் கேட்கத் தேவையே இல்லை. லோஜினி கீழே போட்டதிலிருந்து அந்தப் போனில் காதில் வைத்துப் பேச முடியாது. ஸ்பீக்கரில் மட்டும்தான் கேட்கும். பட்டனை அழுத்தினாள்.

"அம்மா! புது வீட்டுல பாத்ரூம் உள்ளயா, வெளியயா?" லோஜினியின் குரல்.

"போன இங்க குடும்மா..." என்று சுமன் வாங்கிக்கொண்டான். "ஜீவா! கேக்குதா? நாங்க ஹட்டன் வந்துட்டோம். லொறிக்காரரு சாமான ரோட்டோரத்துல எறக்கிட்டுப் போயிருவேன்னு குதிக்கிறாரு. மழை வேற கொட்டுது, ஒன் மிஷினு நனையுது. வீடு சரியாயிருச்சா? எங்குட்டுத் திரும்பணும்?"

தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியிருந்தது.

"ஜீவா யாரு?" என்று கேட்டார் சிவசாமி.

"அது... வீட்டுல செல்லமாக் கூப்புடுற பேருங்க ஐயா," என்றாள் நாகலெட்சுமி.

"பேசுறது ஒன் மகன் ஜெயகாந்தனா?"

"ஆமாங்... சளி புடிச்சிருக்கும், அதான் கொரலு..."

"போதும் நாகலெட்சுமி."

சிவசாமி ஹெல்மெட்டைக் கழற்றி இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள் ஜீவராணி. அவர் முகத்தில் களைப்புத்தான் இருந்தது.

"நான் உடப்புசல்லாவையில இருந்து மாத்தலாகி வந்து கொஞ்ச நாளுதான். கிருஷாந்தி மூஞ்சிய நான் பாத்ததில்ல. பாக்கணும்னும் இல்ல. எட்டாம் நம்பர் மலையில கொழுந்து முத்தி எலையாப் போகுது. இருந்த ஆளெல்லாம் கொழும்புக்குப் போயிட்டீங்க. தொரை என் கழுத்தப் புடிக்கிறாரு. எனக்கு வேண்டியது ஒரு கை. அது யாரு கையின்னு நான் கேக்கமாட்டேன்."

"அப்ப என் பேருலயே போட்டுக்கங்க ஐயா," என்றாள் ஜீவராணி.

"புதுப் பேருன்னா, அன்னன்னைக்கிக் கூலி வாங்குற கைக்காசு ஆளாத்தான் போட முடியும். கைக்காசு ஆளுக்குக் காம்பரா கெடையாது. காம்பரா வேணும்னா செக்ரோல்ல இருக்கிற பேரு வேணும்."

"அப்ப நான் ஒழைக்கிறது?"

"கூலி ஒன் கைக்கு வரும். கடைசியில கெடைக்கிற சேமலாபக் காசெல்லாம் அவ பேருலதான் சேரும். ஒளிச்சுச் சொல்லல, பாரு."

நாகலெட்சுமி மெல்ல அவள் கையைத் தொட்டாள். "கோவிச்சுக்காத தாயி. காம்பரா போயிட்டா, கிருஷாந்தி குவைத்துல இருந்து வந்து எங்க நிப்பா? எனக்கு வேற வழி தெரியல."

ஜீவராணி கையை உருவிக்கொண்டாள்.

சிவசாமி மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து ஒரு பெரிய பித்தளைப் பூட்டை எடுத்தார். மழை அதன்மேல் சொட்டியது.

"நாளைக்குப் பெரட்டுல கிருஷாந்தின்னு கூப்புடுவேன். நான்தான்னு கையத் தூக்குனா காம்பரா ஒனக்கு. முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, பூட்டிட்டுப் போயிர்றேன். ரெண்டு பேரும் தலவாக்கலைக்கோ எங்கயோ போங்க."

நாகலெட்சுமி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஜீவராணியின் கையில் போன் இன்னும் துண்டிக்கப்படாமல் இருந்தது. அந்தப் பக்கம் லொறி உறுமுவதும், டிரைவர் சிங்களத்தில் ஏசுவதும், லோஜினி இருமுவதும் கேட்டது. ஹட்டன் ரோட்டோரத்தில் மழையில் நனைந்து நிற்கும் மகளும் மிஷினும் கண்ணுக்குள் வந்தார்கள். திங்கட்கிழமை அவளுக்காகத் தையல் கடையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அதில் வேறு யாராவது உட்காருவார்கள்.

"ஜீவா! யாரு அங்க பேசுறது?" சுமனின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "கிருஷாந்தி, கிருஷாந்திங்கிறாங்களே, யாரு அது?"

ஜீவராணி போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

"நான்தாங்க. லொறிய நோர்வூட் பக்கம் திருப்பச் சொல்லுங்க."